மூத்த நடிகரும் சிறு முதலும்: இணையக் குறும்படங்களில் முதுமையின் இடம்

பொருளும் கேள்வியும்

அறுபது வயதைக் கடந்தவர்களை நடிக்கவைத்து, கைப்பேசியிலோ சிறிய கேமராவிலோ சில நிமிடப் படங்களாக எடுத்து இணையத்தில் வெளியிடும் வழக்கம் கடந்த பத்தாண்டில் தென்னிந்தியாவிலும் தமிழர் வாழும் பிற நாடுகளிலும் வேரூன்றிவிட்டது. சமையல், குடும்ப நகைச்சுவை, தனிமை, நோய், நினைவு மறதி என்று இவற்றின் பொருள் பலவகை. முதல் மட்டும் எல்லாவற்றுக்கும் சிறியது. ஒரு வீடு, இரண்டு மூன்று நடிகர்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய படக்குழு.

சிறு முதல் வேகத்தைக் கேட்கும். வாடகைக்கு எடுத்த கருவியை அன்றே திருப்பித் தரவேண்டும். விடுப்பு எடுத்து வந்த ஒளிப்பதிவாளர் மறுநாள் வேலைக்குப் போகவேண்டும். முதுமை நிதானத்தைக் கேட்கும். இந்த இரண்டும் ஒரே படப்பிடிப்பில் சந்திக்கும்போது எது விட்டுக்கொடுக்கிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. பெரும்பாலும் மூத்தவரின் உடல்தான் விட்டுக்கொடுக்கிறது. ஆனால் அப்படித்தான் நடந்தாகவேண்டும் என்பதில்லை; முதுமை கேட்கும் படவடிவமும் சிறு முதல் தாங்கும் படவடிவமும் பல இடங்களில் ஒன்றே என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

நடைமுறைச் சூழலாக இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது சிங்கப்பூரின் வடமேற்கில் உள்ள புக்கிட் பாஞ்சாங். சிங்கப்பூர்க் குடிமக்களில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 2014இல் 12.4 விழுக்காடாக இருந்தனர். 2024இல் அது 19.9 விழுக்காடு. 2030இல் நால்வரில் ஒருவர் அந்த வயதில் இருப்பார் என்று அரசின் மக்கள்தொகை அறிக்கை கணிக்கிறது. அடுக்குமாடி வீடுகளும் நடைபாதைகளும் காப்பிக்கடைகளும் நிறைந்த இத்தகைய நகரில் மூத்தோரின் கதைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை எப்படி எடுப்பது என்பதுதான் கடினம்.

இயல்பா, பயிற்சியா

மூத்தோரை நடிக்கவைப்பது பற்றி இரு கருத்துகள் நெடுங்காலமாக உலவுகின்றன. முதியவர் தம் இயல்பில் இருந்தாலே போதும், முகச் சுருக்கமே பாதி நடிப்பைச் செய்துவிடும் என்பது ஒன்று. மேடையிலோ தொலைக்காட்சியிலோ பழகியவர்தான் கேமராவின் முன் நிலைகொள்வார், மற்றவர்கள் படப்பிடிப்பைத் தாமதப்படுத்துவார்கள் என்பது மற்றொன்று.

முதல் கருத்துக்கு இத்தாலியப் படமான ‘உம்பெர்த்தோ டி.’ (1952) பெரிய சான்றாகக் காட்டப்படும். விட்டோரியோ டி சிக்கா அதில் ஓய்வூதியம் போதாமல் தவிக்கும் முதியவராக நடிக்கவைத்த கார்லோ பத்திஸ்தி ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழகத்தின் மொழியியல் பேராசிரியர். அதற்குமுன் நடித்தவர் அல்லர். ராம் ரெட்டியின் கன்னடப் படமான ‘திதி’ (2015) கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டக் கிராமத்தினரையே நடிகர்களாக்கி லொகார்னோ விழாவில் இரண்டு விருதுகளைப் பெற்றது. மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ (2022) படத்தில் நாயகனாக வந்த நல்லாண்டி உண்மையிலேயே விவசாயி. படம் வெளிவருமுன்பே அவர் காலமானார். 69ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அவர் பெயர் சிறப்பாகக் குறிப்பிடப்பட்டது.

இரண்டாம் கருத்துக்கும் சான்று உண்டு. ‘கே.டி. (எ) கருப்புத்துரை’ (2019) படத்தின் முதியவர் மு. ராமசாமி தமிழ் நவீன நாடகத்தில் பல பத்தாண்டுகள் உழைத்தவர். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) இந்திர் தாக்ருனாக வந்த சுனிபாலா தேவி, மேடையிலும் பேசாப்படக் காலத்திலும் நடித்துப் பின்னர் மறக்கப்பட்டவர். ராய் அவரைக் கண்டபோது வயது எண்பதை ஒட்டியிருந்தது.

சுனிபாலாவின் கதையில் சற்று நிற்கவேண்டும். பணமில்லாமல் எடுக்கப்படும் படத்தில் முதிய நடிகர் என்றால் என்ன பொருள் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அரிது. 1952இல் தொடங்கிய படப்பிடிப்பு பணமின்மையால் நின்று நின்று நடந்தது. அவருக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் ஊதியம். ஒவ்வொரு இடைவெளியிலும் ராயின் குழு அஞ்சியது, மீண்டும் பணம் வரும்போது அவர் உயிரோடு இருப்பாரா என்று. இருந்தார். முந்தைய காட்சியில் கை நனைந்திருந்ததா, சேலை எப்படிக் கிடந்தது என்பன போன்ற தொடர்ச்சி விவரங்களைக் குழுவுக்கே நினைவூட்டும் அளவுக்குக் கூர்மையோடு இருந்தார். தம் பாத்திரம் பாடையில் கொண்டுபோகப்படும் காட்சிக்கும் ஒப்புக்கொண்டார். காட்சி முடிந்த பிறகும் அவர் அசையாமல் கிடந்ததில் எல்லோரும் கலங்கிப்போக, முடிந்துவிட்டது என்று யாரும் தம்மிடம் சொல்லவில்லையே என அவர் கேட்டதாக ஒரு செய்தி உண்டு. படம் பொதுமக்களுக்கு வெளியாகுமுன் அவர் மறைந்தார்.

இவர்களை ஒருசேர நிறுத்திப் பார்த்தால் இரு கருத்துகளுமே அரைகுறை என்பது புலப்படும். பேராசிரியர், விவசாயி, கிராமத்தார், நாடகக்காரர், மறக்கப்பட்ட நடிகை என இவர்களிடையே பொதுவான பின்னணி ஏதுமில்லை. பொதுவாக இருப்பது இயக்குநரின் ஏற்பாடு. நடிகரின் நடை, மூச்சு, பேச்சின் வேகம் ஆகியவற்றை அளந்த பிறகே காட்சி வகுக்கப்பட்டது. ஆள் தேர்வு பற்றிய வாதத்தைவிட இந்த ஏற்பாடு பற்றிய ஆய்வே பயன்தரும். குறைந்த செலவில் எடுப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

சாவைச் சுற்றிய கதைகள்

மேலே சொன்ன படங்களுக்கு வேறோர் ஒற்றுமையும் உண்டு. விமர்சனங்களில் அது அதிகம் பேசப்படவில்லை. ‘உம்பெர்த்தோ டி.’ தற்கொலை எண்ணத்தை நெருங்கிச் செல்கிறது. ‘பதேர் பாஞ்சாலி’யில் மூதாட்டி இறக்கிறார். ‘திதி’ 101 வயதுக் கிழவரின் இறுதிச் சடங்கு நாட்களைச் சுற்றியது. ‘கருப்புத்துரை’, முதியோரைக் குடும்பத்தாரே கொல்லும் தலைக்கூத்தல் வழக்கத்துக்குத் தப்பி ஓடுபவரின் கதை. ‘கடைசி விவசாயி’யின் தலைப்பே ஒரு முடிவைச் சொல்கிறது. சிறந்த படங்கள்தாம் இவை. ஆயினும் முதியவர் கதைக்குள் வந்தால் சாவும் கூடவே வரவேண்டும் என்ற எழுதாத விதி இவற்றில் வேலை செய்கிறது.

சிங்கப்பூரில் இணையத்தில் பரவிய குறும்படங்களுள் நினைவில் நிற்கும் ஒன்றும் இவ்வகையே. மலேசிய இயக்குநர் யாஸ்மின் அகமது 2009இல் சிங்கப்பூரின் சமூக மேம்பாடு, இளையர், விளையாட்டு அமைச்சுக்காக எடுத்த ‘இறுதிச்சடங்கு’ என்னும் விளம்பரப் படம் அது. கணவரை இழந்த பெண் ஒருவர், கூடியிருப்போர் முன் எழுந்து நின்று அவருடைய குறட்டையையும் மற்றச் சின்னக் குறைகளையும் பற்றிப் பேசுகிறார். அரங்கில் எழும் சிரிப்பு மெல்ல அடங்கி அழுகையாகிறது. அரசு பணம் கொடுத்து எடுத்த படம் என்பதால் சிறு முதல் என்ற வரையறைக்குள் அது அடங்காது. ஆனால் அதன் கட்டமைப்பு அப்படியே சிறு முதலுக்குரியது. ஓர் இடம், நின்றபடி பேசும் ஒருவர், கேட்கும் முகங்கள். நடிகர் ஓடவேண்டியதில்லை, ஏறவேண்டியதில்லை. எளிமையைச் செறிவாக்கியது எழுத்து. அதைப் பின்பற்றி ஆசிய நாடுகளில் வந்த எண்ணற்ற விளம்பரக் குறும்படங்கள் எடுத்துக்கொண்டது கண்ணீரை மட்டும்.

முதியவரின் சாவையோ கைவிடப்படுதலையோ கடைசி நிமிடத்தில் வைத்துப் பார்வையாளரை அழவைக்கும் வகை இன்று தேய்ந்துவிட்டது. செலவு குறைவு, பகிர்வு அதிகம் என்பதால் புதியவர்கள் அதையே நாடுகிறார்கள். அதற்கு நடிப்பும் அதிகம் தேவைப்படுவதில்லை. நடிகர் ஒரு முகமாகச் சுருங்கிவிடுகிறார்.

வாரந்தோறும் உயிரோடு

இந்த விதியை உடைத்தவை பெரிய படங்களல்ல, தென்னிந்தியாவின் இணையத் தொடர்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்னவீரமங்கலத்தில் 2018இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, முன்பு சமையல் தொழில் செய்த பெரியதம்பி தாத்தாவையும் அவருடைய பேரன்களையும் வயல்வெளியில் நிறுத்தியது. 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியது. தமிழ் யூடியூப் அலைவரிசைகளில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுவே. தெலங்கானாவின் லம்பாடிபள்ளியிலிருந்து வரும் ‘மை வில்லேஜ் ஷோ’, கூலி வேலை செய்துவந்த கங்கவ்வாவைத் தெலுங்கு வீடுகளுக்குப் பழக்கப்பட்டவராக்கியது. கோவையின் ‘நக்கலைட்ஸ்’ குழு நடிகை தனத்தை வைத்து எடுத்த ‘அம்மா அலப்பறைகள்’ கொங்கு வீட்டுச் சண்டை சச்சரவுகளையே கதையாக்கியது.

இவற்றில் வயதானவர்கள் சமைக்கிறார்கள், திட்டுகிறார்கள், பேரம் பேசுகிறார்கள், விரும்பி உண்கிறார்கள். காரணம் அழகியல் கொள்கை அல்ல, தொடரின் இயல்பு. ஒற்றைப் படத்துக்கு முதியவரின் சாவு நல்ல முடிவாகலாம். வாரந்தோறும் வெளிவரவேண்டிய தொடருக்கு அவர் அடுத்த வாரமும் தேவை. ஆகவே எழுத்தாளர் அவருடைய வேலைகளையும் பழக்கங்களையும் பிடிவாதங்களையும் தேடிப் போகவேண்டியிருக்கிறது. முதுமையை முடிவாகக் காட்டாமல் அன்றாடமாகக் காட்டியது இணையத் தொடரின் உண்மையான பங்களிப்பு. திரைப்பட விமர்சனம் இதற்கு இன்னும் உரிய மதிப்பைத் தரவில்லை.

இதற்கு விலையும் உண்டு. தொடர் ஓடவேண்டுமானால் மூத்தவரும் ஓடவேண்டும். கங்கவ்வா 2020இல் தெலுங்கு ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியில் பங்கேற்று, உடல்நிலை காரணமாக இடையிலேயே வெளியேறினார். தெலங்கானாவின் ‘கிராண்ட்பா கிச்சன்’ நாராயண ரெட்டி 2019 அக்டோபரில் 73 வயதில் காலமானார். அந்தச் செய்தியும் அதே அலைவரிசை வழியாகவே வெளிவந்தது. சமையல் காணொளிகளில் தோன்றிய ஆந்திராவின் மஸ்தானம்மா 2018 டிசம்பரில் மறைந்தபோது வயது 107 என்று சொல்லப்பட்டது. அந்த வயதே அவருடைய புகழின் பாதி. மூத்தவர் படைப்பாளியா, அலைவரிசையின் அடையாளச் சின்னமா என்ற கேள்வியை இந்த நிகழ்வுகள் எழுப்புகின்றன. படப்பிடிப்பை எப்போது நிறுத்துவது என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று பார்த்தால் விடை தெரியும்.

நினைவும் கையும்

மூத்தவர்களால் வசனத்தை நினைவில் வைக்க முடியாது என்பது படக்குழுக்களில் அடிக்கடி கேட்கும் குறை. அமெரிக்க ஆய்வாளர்கள் ஹெல்கா நொய்ஸ், டோனி நொய்ஸ் இணையர் நடிகர்களின் நினைவாற்றலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். தேர்ந்த நடிகர்கள் வசனத்தைச் சொல் சொல்லாக மனனம் செய்வதில்லை. இந்த ஆள் இதை இப்போது ஏன் சொல்கிறான் என்று கேட்டுக்கொண்டு போகும்போது சொற்கள் தாமே படிகின்றன என்பது அவர்கள் கண்டது. அசைவோடு சேர்ந்து சொல்லப்படும் வசனம் அசைவின்றிச் சொல்லப்படுவதைவிட நன்றாக நினைவில் நிற்கிறது என்றும் கண்டனர். 2004இல் வெளியான அவர்களது ஆய்வில், 60 முதல் 86 வயது வரையுள்ளவர்களுக்கு நான்கு வாரம் நடிப்புப் பயிற்சி அளித்தபோது நினைவுகூர்தலிலும் சிக்கல் தீர்த்தலிலும் முன்னேற்றம் தெரிந்தது.

சமையல் தொடர்கள் இந்த ஆய்வைப் படிக்காமலே அதன் முடிவைக் கடைப்பிடித்தன. வெங்காயம் உரிக்கும் கைக்குப் பேச்சு தானாக வரும். பூத்தொடுப்பது, துணி மடிப்பது, மாத்திரைப் பெட்டியில் வாரத்துக்கான மாத்திரைகளைப் பிரித்துவைப்பது, தேநீர் ஆற்றுவது என மூத்தவர் நாள்தோறும் செய்யும் வேலையைக் காட்சியின் அடிப்படையாக்கினால் வசனச் சுமை குறையும். ஒரு காட்சிக்கு ஒரு நோக்கம், ஒரு வேலை, நான்கைந்து வாக்கியம் என்பது நல்ல அளவு. சொற்கள் மாறினாலும் நோக்கம் மாறாவிட்டால் அதை ஏற்கும் பெருந்தன்மை எழுதியவருக்கு வேண்டும். எதிரில் நடிப்பவர் எந்தச் சொல்லைக் கேட்டுத் தம் வசனத்தைத் தொடங்குகிறாரோ, அது மட்டும் மாறக்கூடாது. கேமராவுக்குப் பின்னாலிருந்து வசனத்தை எடுத்துக்கொடுக்கும் பழக்கம் இதற்குத் தீர்வாகாது; நடிகரின் கண் எதிராளியை விட்டுக் குரல் வந்த திசைக்குப் போய்விடும்.

செங்குத்துச் சட்டகத்தில் எடுக்கும்போது ஒரு சிக்கல் சேர்கிறது. முகத்தை நெருங்கினால் கை வெளியே போய்விடும். கை போனால் வேலை போகும், வேலை போனால் வசனமும் தடுமாறும். மேசையைச் சற்று உயர்த்தி, வேலையை நெஞ்சளவுக்குக் கொண்டுவந்தால் முகமும் கையும் ஒரே சட்டகத்தில் அடங்கும். முதுகு வளையாமல் இருப்பதால் நடிகருக்கும் அது நல்லது.

புக்கிட் பாஞ்சாங்கில் படப்பிடிப்பு

சிங்கப்பூரின் முதல் இலகு ரயில் பாதை 1999 நவம்பர் 6 அன்று இங்கேதான் திறக்கப்பட்டது. ஆளில்லா வண்டிகள் கான்கிரீட் மேம்பாதையில் ஃபஜார், செகார், பெத்திர் எனச் சுற்றிவரும். பாதையின் பல பகுதிகள் அடுக்குமாடி வீடுகளுக்கு மிக அருகில் செல்கின்றன. வீட்டாரின் அந்தரங்கத்தைக் காக்க, குடியிருப்பை நெருங்கும்போது வண்டியின் சன்னல் கண்ணாடிகள் தாமாகவே வெண்மையாக மங்கிவிடும். உள்ளிருந்து படம் எடுப்பவருக்கு வேண்டிய காட்சி அந்த நொடியில் மறையும். வீட்டுச் சன்னலோரத்தில் அமர்ந்து பார்ப்பவருக்கோ வெண்ணிறக் கண்ணாடிகளோடு ஒரு வண்டி கடந்துபோகும். இந்த ஊரைத் தவிர வேறெங்கும் எளிதில் கிடைக்காத காட்சி இது. தனித்து வாழும் ஒருவரின் கதையில் இதற்கு வசனம் தேவையில்லை.

அழகு கொடுக்கும் அதே பாதை ஒலியைக் கெடுக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வண்டி வரும். நீண்ட உரையாடலை ஒரே வீச்சில் எடுக்க நினைத்தால் பாதியில் நிறுத்த நேரும். மூத்த நடிகர் மீண்டும் மீண்டும் அதே உணர்ச்சிக்குத் திரும்பவேண்டியிருக்கும். சோர்வுக்கு முதற்காரணம் இதுவே. ஆகவே இரண்டு வண்டிகளுக்கு இடையில் அடங்கும் அளவிலேயே காட்சியை எழுதுவது நலம். அது ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். மேலே சொன்ன நான்கைந்து வாக்கிய அளவும் இதுவும் ஒத்துப்போகின்றன. பாதையிலிருந்து விலகிய பக்கத்து அறையைத் தேர்ந்தெடுத்து, நடிகர் யாரும் பேசாதபோது அறையின் வெற்றொலியை ஒரு நிமிடம் தனியே பதிவுசெய்துகொண்டால் பின்னர் வெட்டி ஒட்டும்போது இடைவெளி தெரியாது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மூவறை வீட்டின் பரப்பு 60 சதுர மீட்டரைச் சற்றே மிஞ்சும். அதற்குள் ஐந்து பேருக்கு மேல் நின்றால் வெக்கை தாங்காது. மின்விசிறியை ஓடவிட்டால் ஒலிவாங்கியில் காற்றொலி வரும். குளிரூட்டியை ஒவ்வொரு காட்சிக்கும் இடையே போட்டு அறையை ஆறவைத்து, பதிவின்போது நிறுத்துவது சிலர் கைக்கொள்ளும் வழி. வீட்டு விளக்குகளும் தொல்லை தரும். சிங்கப்பூரின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கைப்பேசிக் கேமராக்கள் பொதுவாக நொடிக்கு 30 சட்டகம் என்று அமைக்கப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்தாமல் படத்தில் விளக்கொளி துடிக்கும். நொடிக்கு 25 சட்டகம், நொடியில் ஐம்பதில் ஒரு பங்குத் திறப்பு என்று மாற்றினால் அது நிற்கும். சன்னல் வெளிச்சத்தையே முதல் விளக்காகக் கொள்வது இன்னும் சிறந்தது; சூடு இல்லை, கண் கூச்சமும் இல்லை. கண்புரை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு நேரடி விளக்கொளி கடும் தொல்லை.

தீப்பாதுகாப்பு விதிப்படி பொது நடைபாதையில் 1.2 மீட்டர் அகலமாவது தடையின்றி இருக்கவேண்டும். முக்காலி, கம்பி, விளக்கு எல்லாம் அதற்கு உட்பட்டவை. கம்பி தரையில் கிடப்பது மூத்தவரை விழவைக்கும் என்பதால் விதி இல்லாவிட்டாலும் அதைத் தவிர்க்கவேண்டும். புளோக்கின் கீழ்த்தளத்தைப் பயன்படுத்த நகர மன்றத்தின் அனுமதியும், ரயில் நிலையங்களில் எடுக்க ரயில் நிறுவனத்தின் அனுமதியும் தேவை. கீழ்த்தளத்தில் திருமணமோ ஈமச்சடங்கோ நடக்கும் நாளில் படப்பிடிப்பு இயலாது. அண்டை வீட்டாரின் துக்கத்துக்கு முன் கேமரா ஒதுங்கவேண்டும்.

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் கதிரவன் காலை ஏழு மணியை ஒட்டியே உதிக்கும். காலை எட்டிலிருந்து பதினொன்றுவரை போதிய ஒளி இருக்கும், மழைக்கும் வாய்ப்பு ஓரளவு குறைவு. மருந்துண்டு காலை உணவு முடித்த மூத்தவருக்கும் அதுவே தெளிவான நேரம். மூன்று மணி நேரத்துக்குள் முடியும்படி படப்பிடிப்பை இரண்டு மூன்று காலைகளாகப் பிரிப்பது, ஒரே நாளில் பன்னிரண்டு மணி நேரம் எடுப்பதைவிடச் செலவு கூடியது போலத் தோன்றும். நண்பரின் கைப்பேசியிலும் சொந்த வீட்டிலும் எடுப்பவருக்கு அப்படி இல்லை. கருவி வாடகை இல்லை, ஒரு வேளை உணவோடு போகும்.

ஊரின் பழைய அடுக்குகளும் கதைக்கு உதவும். புக்கிட் தீமா மலையைச் சுற்றிய கற்சுரங்கங்கள், அப்பர் புக்கிட் தீமா சாலையின் ஸ்ரீ முருகன் மலைக் கோயில், 2011 ஜூன் 30 அன்று கடைசி வண்டி ஓடிய மலாயா ரயில் தடம் ஆகியவை இங்குள்ள மூத்தோரின் நினைவில் உள்ளன. ரயில் தடம் இன்று நடைபாதையாகிவிட்டது. தட்டையான தரை என்பதால் கைத்தடியோடு நடப்பவரையும் அங்கே எடுக்கலாம். ஆனால் உட்கார இடமும் கழிவறையும் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதை முன்பே நடந்து பார்க்காத குழு மூத்தவரை அங்கே அழைத்துச் செல்லக்கூடாது.

பணமும் பொறுப்பும்

சிறு முதல் படங்களில் நடிகருக்கு ஊதியம் தருவதில்லை என்பது பரவலான வழக்கம். மூத்தவரைப் பொறுத்தவரை இதற்கு இனிய காரணங்கள் சொல்லப்படும்: அவருக்குப் பொழுதுபோக்கு, பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள், முதுமையில் துடிப்பாக இருக்கலாம். எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆயினும் படத்தொகுப்பாளருக்குக் கூலி கொடுத்துவிட்டு நடிகருக்குப் பழக்கூடை கொடுக்கும் குழு, மூத்தவரின் நேரத்தை இலவசப் பொருளாகக் கணக்கிடுகிறது. தொகை சிறிதானாலும் குழுவில் எல்லோருக்கும் ஒரே விகிதம் என்பது நேர்மையான ஏற்பாடு.

காப்பீடும் கவனிக்கப்படுவதில்லை. சிங்கப்பூரின் பணிக் காய இழப்பீட்டுச் சட்டம் ஊழியர்களுக்கானது. தற்சார்பாக நடிக்க வருபவரும் தொண்டூழியரும் அதில் அடங்கார். படப்பிடிப்பில் மூத்தவர் விழுந்தால் செலவு அவருடையதாகவோ அவர் பிள்ளைகளுடையதாகவோ ஆகிவிடும். குறுகியகால விபத்துக் காப்பீட்டுக்கு ஆகும் செலவை எந்தச் சிறு வரவுசெலவுத் திட்டமும் தாங்கவேண்டும். தாங்காத திட்டத்தில் மூத்தவரைச் சேர்ப்பது முறையல்ல.

விளம்பர வருவாய் இந்தக் கணக்கைச் சரிசெய்துவிடாது. யூடியூப் தன் பங்காளர் திட்டத்தில் முழுநீளக் காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காட்டையும், 2023 பிப்ரவரியிலிருந்து குறுங்காணொளிகளுக்கான பங்கில் 45 விழுக்காட்டையும் படைப்பாளிக்குத் தருகிறது. ஆனால் சிங்கப்பூரில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு மட்டுமே, 2010இல் 3.3. சுமார் ஒரு லட்சம் பேர். அவர்களை மட்டும் நம்பி எடுக்கப்படும் தமிழ்க் காணொளி விளம்பரத்தால் வாழாது. மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் பார்வையாளரைத் தேடவேண்டும், அல்லது அமைப்புகளின் நிதியை நாடவேண்டும்.

மொழியும் பார்வையாளரும்

தமிழ்நாட்டுப் பார்வையாளரைத் தேடும் முயற்சியில் பேச்சைச் சென்னைச் சாயலுக்கு மாற்றும் போக்கு காணப்படுகிறது. இழப்பு பெரிது. பாசார் (சந்தை), கம்பம் (சிற்றூர்) போன்ற மலாய்ச் சொற்கள் இயல்பாகக் கலந்த, தோட்டத்திலும் துறைமுகத்திலும் வளர்ந்த மூத்தோரின் சிங்கப்பூர்த் தமிழ் பள்ளிக்கூடங்களில் கேட்பதில்லை, தொலைக்காட்சியிலும் குறைவு. கொங்குப் பேச்சைத் துளியும் மாற்றாமல் ‘நக்கலைட்ஸ்’ தமிழ்நாடு முழுவதையும் எட்டியது. வட்டாரப் பேச்சு பார்வையாளரை விலக்கும் என்ற அச்சத்துக்கு அதைவிட நல்ல மறுப்பு இல்லை.

சிங்கப்பூரில் சீன மொழிச் சூழலிலும் ஓர் இணையான முயற்சி உண்டு. ராய்ஸ்டன் டான் 2016இல் இயக்கிய ‘சாப்பிட்டாச்சா?’ என்னும் பொருள்படும் தொடர் ஹொக்கியன் கிளைமொழியிலேயே மூத்தோரிடம் பேசியது. அரசுத் திட்டங்களை விளக்கும் தொடர்தான். ஆனாலும் மூத்தோர் தம் மொழியைத் திரையில் கேட்டனர்.

மூத்தோரை வைத்து எடுக்கும் படத்தை மூத்தோரும் பார்க்கிறார்கள் என்பதையும் எழுதுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2020இல் தொடங்கிய ‘மூத்தோருக்கான மின்னிலக்கத் திட்டம்’ போன்ற முயற்சிகளால் அவர்களில் பலர் கைப்பேசியில் காணொளி பார்க்கப் பழகியுள்ளனர். வயதேற ஏற உயர்சுரங்கள் கேட்பது குறையும். பின்னணி இசை வசனத்தின்மேல் ஏறினால் அவர்களுக்கு எதுவும் விளங்காது. பெரிய எழுத்தில் தமிழ் வரிகளும், தமிழ் படிக்கத் தடுமாறும் பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கில வரிகளும் சேர்ப்பதற்கு உழைப்பு மட்டுமே செலவு. ஒரே வீட்டில் இரு தலைமுறை சேர்ந்து பார்க்கும் வாய்ப்பு அதனால் கிடைக்கும்.

கருத்துப் பகுதி தனிச் சிக்கல். இளையோர் எழுதும் கேலி மூத்த நடிகரின் பிள்ளைகள் வழியாக அவரிடமே வந்து சேரும். வெளியிடுமுன் தொகுத்த படத்தை நடிகருக்குப் பெரிய திரையில் காட்டி, அவர் வேண்டாம் என்னும் பகுதியை நீக்குவதும், கருத்துகளைத் தணிக்கை செய்வதும் குழுவின் கடமை. நினைவு மறதி தொடங்கியவர்களிடம் ஒருமுறை பெற்ற ஒப்புதல் போதாது. ஒவ்வொரு காலையும் புதிதாகக் கேட்கவேண்டும்.

பெயரும் ஆவணமும்

2021 நவம்பரில் நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம், படைப்பாளிகளுக்கு மட்டுமின்றி நிகழ்த்துநர்களுக்கும் தம் பெயரால் அடையாளம் காட்டப்படும் உரிமையை அளிக்கிறது. பல இணையக் குறும்படங்களில் மூத்தவர் இன்னும் ‘தாத்தா’, ‘பாட்டி’ என்றே வருகிறார். இயக்குநரின் பெயர் மட்டும் இரண்டுமுறை வரும். முழுப்பெயர், விரும்பினால் பழைய தொழில், நடித்த ஆண்டு ஆகியவற்றைப் படத்திலும் கீழுள்ள விவரக் குறிப்பிலும் எழுதுவதற்கு ஒரு வெள்ளி கூடச் செலவில்லை.

சிங்கப்பூர்த் தமிழ் நாடகத்தின் படங்களையும் அறிவிப்புகளையும் நாடக எழுத்துப்படிகளையும் அருண் மகிழ்நன் தலைமையிலான தன்னார்வக் குழு தேசிய நூலக வாரியத்தோடு சேர்ந்து மின்மரபுடைமைத் திட்டத்தில் தொகுத்தது. அந்த மேடைகளில் நின்றவர்கள் சிலர் இன்று இணையக் குறும்படங்களில் நடிக்கும் வயதில் இருக்கிறார்கள். தேசிய நூலக வாரியம் 2019 முதல் சிங்கப்பூர் முகவரி கொண்ட இணையத்தளங்களைத் தானாகவே சேமித்துவருகிறது. யூடியூபிலும் டிக்டாக்கிலும் வெளியாகும் படங்கள் அந்த முகவரிக்குள் வருவதில்லை; கணக்கு மூடப்பட்டால் அவை போய்விடும். மூலக் கோப்பின் ஒரு படியை நடிகரின் குடும்பத்திடம் கொடுப்பது, நடிகர் மறைந்த பிறகு படம் தொடர்ந்து இருக்கலாமா, விளம்பரத்துக்கு வெட்டி எடுக்கலாமா என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே ஒரு பக்க ஒப்பந்தமாகத் தமிழில் எழுதிக்கொள்வது ஆகிய இரண்டும் இப்போதைக்குக் குழுக்கள் தாமே செய்யவேண்டியவை. அந்த ஒப்பந்தத்தில் படப்பிடிப்பை எந்த நேரத்திலும் நிறுத்தும் உரிமை நடிகருக்கு உண்டு என்ற வரியும் இடம்பெறவேண்டும்.